தெருவில் வசந்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக ஒரே தெருவில் நடந்து, அதே மரங்களையும் அதே சுவர் ஓரங்களையும் பார்த்து வருகிறேன். வசந்தம் வருவதை எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்பவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். குளிர்காலம் உள்ள நகரங்களை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். பனியே விழாத இடங்களுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

நகரத்தில் வசந்தத்தின் முதல் அறிகுறி எது?

பூ என்று பலரும் சொல்வார்கள். பூ கண்ணில் படும்போது வசந்தம் பாதி வழி வந்திருக்கும். என்னைக் கேட்டால் முதலில் வருவது வெயில். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகவே போய்விடுவதால், எதிரே நிற்கும் நாலு மாடிக் கட்டடத்தின் நிழல் தெருவை நாள் முழுக்க மூடியிருக்கும். ஒரு நாள் மதியம் அந்தக் கட்டடத்தின் உச்சிக்கு மேலே சூரியன் எட்டிப் பார்க்கும். வாரக்கணக்கில் ஈரம் காயாமல் கிடந்த நடைபாதையில் ஒரு முழ அகலத்துக்கு வெயில் விழும். அடுத்த வாரம் அது இரண்டு முழமாகும். நிழலின் விளிம்பு எந்தக் கல்லில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால், காற்றில் குளிர் கொஞ்சமும் குறையாத நாட்களிலேயே திருப்பம் நடந்துவிட்டது தெரியும்.

அப்புறம் மொட்டு. அதற்கு அப்புறம்தான் பூ.

வசந்தம் எந்தத் தேதியில் தொடங்குகிறது?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வானிலை ஆய்வாளர்கள் கணக்குக்கு வசதியாக முழு மாதங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள்: வட அரைக்கோளத்தில் மார்ச் 1, தென் அரைக்கோளத்தில் செப்டம்பர் 1. வானியல்படி, பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் நாள்: வடக்கே மார்ச் 20ஐ ஒட்டி, தெற்கே செப்டம்பர் 22 அல்லது 23ஐ ஒட்டி.

அந்தச் சம இரவு நாளை ஒட்டித்தான் பகல் மிக வேகமாக நீளும். 50 டிகிரி அட்சரேகையில் உள்ள ஒரு நகரத்தில் நாளுக்குக் கிட்டத்தட்ட 4 நிமிடம் கூடுகிறது. ஒரு வாரத்தில் ஏறக்குறைய அரை மணி நேரம்! வேலை முடிந்து வெளியே வரும்போது ‘அட, இன்னும் வெளிச்சமாக இருக்கிறதே’ என்று திடீரெனத் தோன்றுவது அதனால்தான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது.

உங்கள் தெருவுக்கென்று ஒரு தேதி கிடையாது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தேதி உண்டு.

மொட்டில் என்ன பார்ப்பது? எனக்கு எல்லாக் கிளையும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

இந்தக் கேள்விக்குத்தான் எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது.

கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கிளையைத் தேர்ந்தெடுங்கள். நடுக்குளிரில் அதன் நுனியிலும் பக்கங்களிலும் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அவைதான் மொட்டுகள். ஒன்றின் மேல் ஒன்றாகச் செதில்கள் மூடி, இறுக்கமாக இருக்கும். குதிரைச் செஸ்ட்நட் மரத்தின் மொட்டு பிசின் பூசியதுபோல விரலில் ஒட்டும். மொட்டுக்குக் கீழே பாருங்கள், போன வருடத்து இலை உதிர்ந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். அதே செஸ்ட்நட்டில் அது குதிரை லாடம் போலவே இருக்கும். லாடத்தில் ஆணி அடித்த மாதிரி புள்ளிகளும் இருக்கும். இலைக்குத் தண்ணீர் கொண்டுபோன குழாய்கள் அடைபட்ட இடங்கள் அவை.

இந்த மொட்டு குளிர்காலத்தில் உருவானதில்லை. போன கோடையிலேயே மரம் அதைச் செய்து முடித்துவிட்டது. உள்ளே இலையும் சில சமயம் பூவும் சின்ன அளவில் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. வசந்தத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் தண்ணீர் ஏறி, மடிப்பு விரிவதைத்தான். ஒரு மரம் இரண்டே நாளில் பச்சையாகிவிட்டது என்று ஆச்சரியப்படுகிறோமே, அதன் ரகசியம் இதுதான்.

கவனிக்க வேண்டிய மாற்றங்கள் வரிசையாக வரும். முதலில் மொட்டு கொஞ்சம் பருக்கும். செதில்கள் ஒன்றையொன்று விட்டு நகரும்போது, இதுவரை வெளிச்சம் படாத வெளிறிய விளிம்பு அவற்றுக்கிடையே மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோடுதான் நான் வருடம் முழுக்கக் காத்திருக்கும் விஷயம். பிறகு நுனியில் பச்சை எட்டிப் பார்க்கும். பிறகு சுருங்கிய விசிறி போல முதல் இலை வெளியே வரும். பருத்து உருண்டையாக இருப்பது பூ மொட்டாகவும், ஒல்லியாகக் கூராக இருப்பது இலை மொட்டாகவும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த நிலைகளைக் குறிக்கப் புதுச் சொல் தேட வேண்டியதில்லை. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் வாழ்க்கையைத் தமிழ் ஏழாகப் பிரித்து வைத்திருக்கிறது. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று இலைக்கும் வரிசை உண்டு. என் குறிப்பேட்டில் இந்தச் சொற்களைத்தான் பயன்படுத்துகிறேன். ‘அரும்பு’ என்று எழுதினால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

ஒரே தெரு, ஒரே வகை மரம். ஒன்று துளிர்த்துவிட்டது, இன்னொன்று தூங்குகிறது. ஏன்?

நகரம் முழுக்க ஒரே குளிர் இல்லை. தாரும் கான்கிரீட்டும் பகலில் வெயிலை வாங்கிக்கொண்டு இரவில் மெதுவாக வெளியே விடுகின்றன. லூக் ஹோவர்ட் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனில் வெப்பமானி வைத்து அளந்து, நகரத்து இரவுகள் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தைவிடச் சூடாக இருக்கின்றன என்று எழுதினார். அதே வேறுபாடு சின்ன அளவில் ஒரு தெருவுக்குள்ளும் உண்டு. வெயில் படும் சுவர் ஓரம், கடையின் சூடான காற்று வெளியேறும் துளை, நிலத்தடிக் குழாய் போகும் இடம் எல்லாம் வெப்பத் தீவுகள்தான். எதிர்ப்பக்கத்து நிழலில் நிற்கும் மரம் பல நாட்கள் பின்தங்கும்.

அமெரிக்கப் பூச்சியியலாளர் ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் 1918இல் ஒரு விதி சொன்னார்: வசந்தம் வடக்கே ஒரு டிகிரி போக 4 நாள் எடுக்கும், 400 அடி மேலே ஏறவும் 4 நாள் எடுக்கும். இது தோராயமான கணக்கு. ஆனாலும் ஒரு மலையில் ஏறினால் கிடைக்கும் வித்தியாசம் தெருவின் இரண்டு பக்கங்களுக்கு இடையே கிடைக்கிறது என்று நினைத்துப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

தெருவிளக்கையும் மறக்காதீர்கள். இரவு வெளிச்சம் அதிகமுள்ள இடங்களில் மரங்கள் ஒரு வாரம் வரை முன்னதாகத் துளிர்ப்பதை பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. விளக்குக்குப் பக்கத்தில் உள்ள கிளையையும் அதே மரத்தின் மறுபக்கக் கிளையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நடுக்குளிரில் நாலு நாள் வெயில் அடித்தால் மரம் ஏமாந்துவிடாதா?

பெரும்பாலும் ஏமாறாது. குளிர் நாட்டு மரங்கள் பல இரண்டு கணக்கு வைத்திருக்கின்றன. முதலில் போதுமான குளிர் கடந்துவிட்டதா என்ற கணக்கு. ஆப்பிள் போன்ற மரங்களுக்கு இது நூற்றுக்கணக்கான மணி நேரக் குளிர். அது நிறைவேறும் வரை எவ்வளவு வெயில் அடித்தாலும் மொட்டு அசையாது. நிறைவேறிய பிறகுதான் வெப்பக் கணக்கு தொடங்கும். பீச் (beech; பழம் தரும் பீச் அல்ல) போன்ற காட்டு மரங்கள் பகல் நீளத்தையும் சேர்த்துப் பார்க்கின்றன.

வீட்டிலேயே சோதிக்கலாம். காற்றில் ஒடிந்து விழுந்த, இன்னும் உயிருள்ள குச்சியை எடுத்துத் தண்ணீரில் வையுங்கள். குளிர்காலத் தொடக்கத்தில் எடுத்தது அப்படியே இருக்கும். குளிர்கால முடிவில் எடுத்தது இரண்டு மூன்று வாரத்தில் உங்கள் மேசையிலேயே விரியும். மரத்தில் இருக்கும் கிளையை இதற்காக ஒடிக்காதீர்கள்.

ஆபத்து வருவது பிற்பாடுதான். குளிர்க் கணக்கு முடிந்து, மொட்டு விரிந்த பிறகு ஓர் இரவு உறைபனி வந்தால் தளிர் கருகும், பூ பழுப்பாகும். மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டு மறுபடி துளிர்விடும். அந்த வருடக் காய் மட்டும் போய்விடும்.

எதுவும் பூத்ததாகத் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தும்மல் தொடங்கிவிட்டது!

பூத்திருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை. ஹேசல், ஆல்டர், எல்ம் போன்றவை இலை வருவதற்கு முன்னாலேயே பூத்துவிடும். காற்று மகரந்தத்தைக் கொண்டுபோக இலை தடையாக இருக்கக் கூடாது அல்லவா? பூச்சியை அழைக்க வேண்டியதில்லை, அதனால் வண்ணமும் இல்லை, மணமும் இல்லை. ஹேசல் கிளையில் மஞ்சள் வால்கள் போலத் தொங்குபவை ஆண் பூங்கொத்துகள். அதே கிளையில் மொட்டு ஒன்றின் நுனியில் சிவப்பு நூல்கள் சில நீட்டிக்கொண்டிருந்தால் அது பெண் பூ. சில மில்லிமீட்டர்தான் இருக்கும். கண்டுபிடித்தவருக்கு அன்றைக்குத் திருவிழா.

பறவைகளில் எதைக் கவனிப்பது?

புறாவை விட்டுவிடுங்கள். நகரத்துப் புறா ஏறக்குறைய வருடம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சிட்டுக்குருவியைப் பாருங்கள். ஆண் குருவியின் அலகு குளிர்காலத்தில் மங்கிய பழுப்பாக இருக்கும், இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது கறுப்பாகிவிடும். தொண்டையில் உள்ள கறுப்புத் திட்டும் பெரிதாகும். அதற்காகப் புதுச் சிறகு முளைப்பதில்லை. சிறகுகளின் வெளிறிய நுனிகள் தேய்ந்துபோக, அடியில் இருந்த கறுப்பு வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஸ்டார்லிங்கிடம் கதை வேறு மாதிரி. அதன் கருத்த அலகு மஞ்சளாக மாறும். தொலைநோக்கி இல்லாமலே, ஜன்னல் வழியாகவே பார்க்கக்கூடிய நாட்காட்டி இது.

அப்புறம் பாட்டு. பகல் நீளம் கூடக் கூட ஆண் பறவைகள் எல்லை பிடிக்கப் பாடத் தொடங்கும். இதற்கு முதல் தூண்டுதல் வெளிச்சம் என்பதால், கடும் குளிரிலும் பாட்டு கேட்கும். நகரத்துக்கென்று ஒரு சேதி உண்டு: நெதர்லாந்தின் லைடன் நகரில் போக்குவரத்து இரைச்சல் அதிகமுள்ள இடங்களில் பட்டாணிக்குருவிகள் உயர்ந்த சுருதியில் பாடுவதை ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டார்கள். வண்டி இரைச்சல் தாழ்ந்த சுருதி, அதற்கு மேலே ஏறினால்தான் குரல் கேட்கும். வாகனங்கள் வருவதற்கு முந்தைய விடியற்காலை அரை மணி நேரம் உங்களுக்கும் வசதி, பறவைக்கும் வசதி.

காகம் வாயில் சுள்ளியோடு பறந்தால் எழுதி வையுங்கள். சுள்ளிக்குப் பதில் கம்பித் துண்டு இருந்தாலும் எழுதி வையுங்கள்.

தரையில்?

குனிய வேண்டும், அவ்வளவுதான். நடைபாதைக் கற்களின் இடுக்கு, மரத்தடிச் சதுரம், சுவரும் தரையும் சேரும் மூலை. ஸ்னோடிராப்பின் இலை நுனி கெட்டியானது, உறைந்த மண்ணையும் பனியையும் கிழித்துக்கொண்டு வரும். குரோக்கஸ் பூவின் மேல் வெயில் பட்டால் கொஞ்ச நேரத்தில் விரியும், மேகம் மூடினால் கூம்பும். இதழின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் வெப்பத்துக்கு வெவ்வேறு வேகத்தில் வளர்வதுதான் காரணம். காலையில் மூடியிருந்த பூவை மதிய இடைவேளையில் போய்ப் பாருங்கள்.

பூச்சிகள் எப்போது வரும்?

நான் மிகவும் எதிர்பார்ப்பது பம்பிள் தேனீயின் ராணி. கூட்டத்தில் மற்ற எல்லாம் குளிருக்கு முன்பே செத்துப்போக, முந்தைய பருவத்தில் இணைசேர்ந்த ராணி மட்டும் மண்ணுக்குள் தனியாகக் குளிரைக் கழிக்கும். வெளியே வந்ததும் உடனே பறக்க முடியாது. பறக்கும் தசைகள் கிட்டத்தட்ட 30 டிகிரிக்குச் சூடாக வேண்டும். அதனால் இறக்கையை அசைக்காமல் தசைகளை மட்டும் நடுங்கவிட்டுத் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். குளிரில் தரையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெரிய தேனீ எப்போதும் சாகக் கிடப்பதில்லை, பல சமயம் புறப்படத் தயாராகிக்கொண்டிருக்கும். மிதித்துவிடாமல் போங்கள். தரையை ஒட்டி வளைந்து வளைந்து பறந்தால், கூடு வைக்கப் பழைய எலி வளை போன்ற பொந்தைத் தேடுகிறது என்று அர்த்தம்.

வருடத்தின் முதல் வண்ணத்துப்பூச்சியின் இறக்கை கிழிந்திருந்தால் அது போன வருடத்துப் பூச்சி. சில வகைகள் வளர்ந்த நிலையிலேயே சுவரிடுக்கிலும் படர்கொடிக்குள்ளும் குளிரைக் கடக்கின்றன. காய்ந்த இலைக் குவியலை அவசரப்பட்டுக் கூட்டித் தள்ள வேண்டாம் என்று சொல்வதும் இதற்காகத்தான். உள்ளே இன்னும் யாரோ தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் நகரத்தில் குளிரே கிடையாது. வசந்தம் உண்டா?

உண்டு, வேறு வடிவத்தில். வெப்ப நாடுகளில் திருப்பத்தைச் சொல்வது பெரும்பாலும் இலைகள். வெயில் ஏறும் நேரத்தில் புங்க மரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுச் சில நாளிலேயே பளபளக்கும் இளம் பச்சைக்கு மாறும். மழைக்கே காத்திராமல், ஆழத்தில் உள்ள ஈரத்தை நம்பித் துளிர்க்கும் மரங்கள் இவை. அரசும் மாவும் செம்பு நிறத் தளிர் விடும். அந்தச் சிவப்பு நிறமி இளம் இலைக்குப் பாதுகாப்பு. இலவம் இலையில்லாமல் பூக்கும். வேம்பின் பூவைப் பார்ப்பதற்கு முன் தரையில் உதிர்ந்ததைத்தான் பார்ப்பீர்கள்.

குயிலின் குரல் வேறு இருக்கிறது. கூவுவது கருப்பு ஆண், பெண் புள்ளி போட்ட பழுப்பு. குயில் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டையிடும். ஆகவே காகம் சுள்ளி தூக்குவதும் குயில் விடாமல் கூவுவதும் ஒன்றையொன்று ஒட்டியே நடக்கும். இரண்டையும் சேர்த்துக் குறித்து வைத்தால் ஒரு முழுக்கதை கிடைக்கும்.

குறிப்பு எழுதுவது அவசியமா?

அவசியம் என்றே சொல்வேன். நினைவு நம்மை ஏமாற்றும். ‘இந்த வருடம் எல்லாம் சீக்கிரம்’ என்று ஒவ்வொரு வருடமும் தோன்றும்.

ராபர்ட் மார்ஷம் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் 1736இல் தன் நிலத்தில் 27 வசந்த அறிகுறிகளைக் குறிக்கத் தொடங்கினார். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக 1958 வரை அதைத் தொடர்ந்தது. ஜெனீவா நகரில் ஒரு குதிரைச் செஸ்ட்நட் மரத்தின் முதல் இலை எந்த நாளில் விரிகிறது என்பது 1818 முதல் பதிவாகிறது. மரம் பட்டுப்போனபோது வேறொன்றைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்தார்கள். ஜப்பானில் வானிலை நிறுவனம் வைத்திருக்கும் மாதிரி மரத்தில் 5 அல்லது 6 செர்ரிப் பூக்கள் விரிந்தால்தான் பூக்காலம் தொடங்கியதாக அறிவிப்பார்கள். ஒரே ஒரு பூவை நம்பாமல் இப்படி எண்ணிக்கை வைத்தது எவ்வளவு நல்ல யோசனை!

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஒரே மரம், ஒரே கிளை, தேதி, ஒரு வரி. ‘இன்னும் இல்லை’ என்பதையும் எழுதுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 10ஆம் தேதி தளிர் பார்த்தேன் என்று மட்டும் எழுதினால், அது 3ஆம் தேதியே வந்திருந்து நீங்கள் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருக்கலாம். 9ஆம் தேதி இல்லை, 10ஆம் தேதி உண்டு என்று எழுதினால் அந்தத் தேதிக்கு மதிப்பு வருகிறது. புகைப்படம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று எடுங்கள்.

வசந்தம் உண்மையிலேயே முன்னால் வருகிறதா?

பல இடங்களில் ஆமாம். கியோட்டோவின் செர்ரிப் பூக்களைப் பற்றிய குறிப்புகள் அரசவை நாட்குறிப்புகளில் 9ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. பல நூற்றாண்டுகளாக ஏப்ரல் நடுவை ஒட்டி முழுதாகப் பூத்துவந்தது, 2021இல் மார்ச் 26 அன்றே பூத்துவிட்டது. அதற்கு முந்தைய 1,200 ஆண்டுப் பதிவில் அவ்வளவு சீக்கிரம் இல்லை. பூமி சூடாவதும் நகரம் சூடாவதும் சேர்ந்து செய்கிற வேலை இது. எனக்கு இதில் வருத்தம் தருவது தேதி அல்ல, பிரிவு. மரம் வெப்பத்தைப் பார்த்து முன்னால் நகர்கிறது, பகல் நீளத்தைப் பார்த்துப் புறப்படும் வலசைப் பறவை அதே வேகத்தில் நகர்வதில்லை. தளிரைத் தின்னும் புழு பெருகி முடிந்த பிறகு, அந்தப் புழுவை நம்பி வளரும் குஞ்சு முட்டையிலிருந்து வெளியே வருகிறது.

இப்போது எங்கள் ஊரில் கோடை. அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம், இன்றைக்கே தொடங்கலாம். தெருவில் இலையுதிர்க்கும் மரம் ஒன்றின் கீழே போய் நின்று, தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடியுங்கள். இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில், அந்தக் கக்கத்துக்குள், அரிசியளவில் ஒரு பச்சை முடிச்சு இருக்கும். அடுத்த வசந்தம் அங்கேதான் இருக்கிறது. தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.